நாளிதழுக்கு வில்லங்கம் பார்த்தல்: டிரோவ் இணையச் சேவை, ஒரு மதிப்புரை

சிட்னி மார்னிங் ஹெரால்ட் நாளிதழ் ஜான் ஃபேர்ஃபாக்ஸின் கைக்கு எந்த ஆண்டில் வந்தது என்ற கேள்விக்கு எனக்கு முதலில் மூன்று விடைகள் கிடைத்தன: 1841, 1842, 1853. சிட்னியில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்காக இந்நகரின் பழைய நிறுவனங்களைப் பற்றி நாங்கள் சிலர் எழுதிவரும் கட்டுரைத் தொகுப்பில் அந்நாளிதழைப் பற்றிய பகுதி என் பொறுப்பில் இருந்தது. என் வரைவில் நான் 1842 என்று எழுதியிருந்தேன். அதைப் படித்துப் பார்த்த நண்பர், தம்மிடமிருந்த ஒரு பழைய நினைவு மலரில் 1841 என்று இருப்பதைக் காட்டினார். மூன்றாவது விடை வேறொரு சுருக்கமான வரலாற்றுக் குறிப்பில் இருந்தது. மூன்றையும் எழுதியவர்கள் பொறுப்பில்லாதவர்கள் அல்லர். ஆகவே, பெரும்பான்மை எந்தப் பக்கம் என்று எண்ணிப் பார்த்து முடிவு செய்வது எனக்குச் சரியாகப் படவில்லை. அந்தக் காலத்து நாளிதழையே எடுத்துப் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்து, ஆஸ்திரேலிய தேசிய நூலகம் நடத்தும் டிரோவ் என்ற இணையச் சேவைக்குள் நுழைந்தேன். நாளிதழ் ஒன்றின் உரிமை வரலாற்றில் முரண்படும் தேதிகளைத் தீர்த்துவைக்கும் ஒரே வேலைக்கு இந்தச் சேவை எவ்வளவு பயன்படுகிறது, எங்கே கவனமாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

நம் ஊரில் வீடோ மனையோ வாங்கியவர்களுக்கு இந்தச் சிக்கலின் அடிப்படை எளிதில் விளங்கும். ஒப்பந்தம் போட்டு முன்பணம் கொடுத்த நாள் ஒன்று. சார்பதிவாளர் அலுவலகத்தில் கிரயம் பதிவான நாள் வேறொன்று. சாவி கைக்கு வந்த நாள் இன்னொன்று. பட்டா பெயர் மாறியது அதற்கும் பல மாதங்கள் கழித்து. இந்த வீட்டை எப்போது வாங்கினீர்கள் என்று கேட்டால், அந்தக் குடும்பத்தில் நான்கு பேர் நான்கு தேதிகளைச் சொல்லக்கூடும். நான்குமே உண்மையாக இருக்கும். நாளிதழும் அப்படித்தான் கைமாறுகிறது. விலை பேசி முடித்தது, பொறுப்பேற்றது, வாசகருக்கு அறிவித்தது, தாளின் பெயரை மாற்றியது, பழைய பங்குதாரர் விலகியது ஆகிய ஒவ்வொன்றும் தனித்தனி நிகழ்ச்சி. பின்னால் பட்டியல் போடுகிறவர்கள் ஒரே ஒரு கட்டத்தில் ஒரே ஓர் ஆண்டை எழுத வேண்டியிருப்பதால், ஆளுக்கு ஒரு நிகழ்ச்சியைத் தேர்ந்துகொள்கிறார்கள். முரண்படும் தேதிகளைக் கண்டவுடன் இவற்றில் எது சரி என்று கேட்பதற்கு முன்னால், ஒவ்வொன்றும் எதன் தேதி என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்வியைப் பக்கத்துக்குப் பக்கம் கேட்டு விடை காண இடம் தருவதே டிரோவின் பெரிய பலம் என்பது என் கருத்து.

சேவையைப் பற்றிச் சுருக்கமாக. 2009ஆம் ஆண்டில் தொடங்கிய டிரோவ், ஆஸ்திரேலியாவின் பழைய நாளிதழ்கள், அரசிதழ்கள், இதழ்கள் ஆகியவற்றின் வருடப்பட்ட (ஸ்கேன் செய்யப்பட்ட) பக்கங்களை எவரும் கட்டணமின்றிப் பார்க்கும்படி வைத்திருக்கிறது. பார்ப்பதற்குக் கணக்கு தொடங்க வேண்டியதில்லை. ஆளும் ஊரும் எங்கிருந்தாலும் திறக்கலாம் என்பதால், சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்து ஆய்வு செய்கிறவருக்கும் கான்பெராவில் இருப்பவருக்கும் கிடைப்பது ஒன்றே. 2022ஆம் ஆண்டின் இறுதியில் இந்தச் சேவைக்குப் பணம் தொடர்ந்து கிடைக்குமா என்ற கவலை எழுந்தது. 2023 ஏப்ரலில் ஆஸ்திரேலிய அரசு நான்கு ஆண்டுகளுக்கு 3.3 கோடி டாலரும், அதன்பின் ஆண்டுதோறும் 92 லட்சம் டாலரும் ஒதுக்குவதாக அறிவித்த பிறகே அந்தக் கவலை நீங்கியது. ஹெரால்ட் பக்கங்கள் மின்னுருவானதற்கு உதவியது வின்சென்ட் ஃபேர்ஃபாக்ஸ் குடும்ப அறக்கட்டளை. ஒரு காலத்தில் அந்தத் தாளுக்கு உரிமையாளராக இருந்த குடும்பத்தின் கிளையே அதன் பழைய பக்கங்களைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடத் துணைநின்றிருக்கிறது என்பதை மனநிறைவோடு குறிப்பிடுகிறேன்.

இனி 1841க்கும் 1842க்கும் இடையிலான வழக்குக்கு வருவோம். டிரோவில் ஒரு தலைப்பைத் தேடினால், தாளின் பெயரை ஒட்டி அடைப்புக்குறிக்குள் ஆண்டுகள் வரும். சிட்னி ஹெரால்ட் என்பதற்கு எதிரே 1831 முதல் 1842 வரை என்றும், சிட்னி மார்னிங் ஹெரால்ட் என்பதற்கு எதிரே 1842 முதல் 1954 வரை என்றும் இருக்கும். நான் முதலில் இடறிய இடம் இதுதான். ஒரு தாள் 1842இல் முடிந்து வேறொரு தாள் 1842இல் பிறந்தது போலவும், புதிய பெயரோடு புதிய உரிமையாளர் வந்தார் போலவும் அந்த இரண்டு வரிகள் மனத்தில் பதிந்துவிட்டன. நூலகத்தார் அப்படி எதையும் சொல்லவில்லை. பட்டியலிடும் முறைப்படி, தாளின் பெயர் மாறினால் அதைத் தனித் தலைப்பாகக் காட்டுவது அவர்களுடைய மரபு. அடைப்புக்குறிக்குள் இருக்கும் ஆண்டுகள் பெயர் வழங்கிய காலத்தையோ மின்னுருவாக்கிய காலத்தையோ குறிக்குமே தவிர உரிமையைக் குறிக்காது. சிட்னி மார்னிங் ஹெரால்ட் 1954இல் நின்றுபோகவில்லை, இன்றும் வெளிவருகிறது என்பதே அதற்குப் போதிய சான்று. டிரோவைப் பயன்படுத்தத் தொடங்குகிறவர்களிடம் நான் முதலில் சொல்ல விரும்புவது இதைத்தான்: அந்த ஆண்டுகளை எடுத்து உரிமையாளர் பட்டியலில் ஒட்டிவிடாதீர்கள்.

தலைப்பைத் திறந்தால் ஆண்டு, மாதம், நாள் என்று நாட்காட்டி போல விரியும் ஒரு பக்கம் வருகிறது. தேடுசொல் எதுவும் இல்லாமல், பழைய கட்டுகளை மேசையில் வைத்துப் புரட்டுவது போலவே இதழ் இதழாகச் செல்லலாம். இந்த வேலைக்குத் தேடுபொறியைவிட இந்த நாட்காட்டியே எனக்கு அதிகம் உதவியது. சிட்னி ஹெரால்டின் முதல் இதழ் 1831 ஏப்ரல் 18, திங்கட்கிழமை வெளிவந்தது. சிட்னி கெசட் என்ற தாளில் வேலை பார்த்த வார்ட் ஸ்டீஃபன்ஸ், ஃபிரெடரிக் ஸ்டோக்ஸ், வில்லியம் மெக்கார்வி என்ற மூவர் சேர்ந்து நான்கு பக்க வார இதழாகத் தொடங்கினார்கள். 1840இல் அது நாள்தோறும் வரும் தாளானது. 1841இல் ஸ்டோக்ஸிடமிருந்து சார்லஸ் கெம்பும் ஜான் ஃபேர்ஃபாக்ஸும் கூட்டாக 10,000 பவுண்டுக்கு அதை வாங்கினார்கள். கெம்ப் ஏற்கெனவே அந்தத் தாளுக்கு எழுதிவந்தவர். ஃபேர்ஃபாக்ஸ் 1838இல்தான் இங்கிலாந்திலிருந்து குடும்பத்தோடு வந்து சேர்ந்திருந்தார், அச்சுத் தொழிலும் பத்திரிகைத் தொழிலும் அறிந்தவர். அந்தக் காலத்தில் 10,000 பவுண்டு என்பது இருவர் கையில் ரொக்கமாக இருக்கக்கூடிய தொகை அன்று. தவணை பேசித்தான் வாங்கினார்கள். தவணைக் கிரயம் என்றாலே தேதிக் குழப்பத்துக்கு விதை போட்டாயிற்று என்பது நமக்குத் தெரிந்ததுதானே.

பெயர் மாற்றத்தை நேரில் பார்க்க இரண்டே இதழ்கள் போதும். 1842 ஜூலை 30, சனிக்கிழமை இதழையும், ஆகஸ்ட் 1, திங்கட்கிழமை இதழையும் இரண்டு சாளரங்களில் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். முதற்பக்கத் தலையில் பெயர் மாறியிருக்கிறது. பிறகு இரண்டு இதழ்களிலும் கடைசிப் பக்கத்தின் கடைசிப் பத்திக்கு, அதன் அடிமட்டத்துக்குப் போனேன். அங்கே பொடி எழுத்தில், அச்சிட்டு வெளியிட்டவர் யார், எந்தத் தெருவில் என்று சொல்லும் வரி இருக்கிறது. நம் இதழ்களிலும் இதே வரி உண்டு. நம்மில் பெரும்பாலோர் ஒரு நாளும் படிக்காத வரி அது. இரண்டு நாளும் அந்த வரியில் இருந்த பெயர்கள் ஒன்றே: கெம்பும் ஃபேர்ஃபாக்ஸும். தலை மாறியிருக்கிறது, கால் மாறவில்லை. 1842 என்பது உரிமை மாறிய ஆண்டு அன்று, ஏற்கெனவே உரிமையாளராக இருந்தவர்கள் தங்கள் தாளுக்குப் புதுப் பெயர் சூட்டிய ஆண்டு என்பது அந்த ஒரு வரியில் தெளிந்துவிட்டது. வேறொருவர் எழுதிய குறிப்பை நம்பாமல், அன்றைய தாளிலேயே அதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட நிம்மதியை இங்கே மறைக்க வேண்டியதில்லை.

அந்த அடிவரியைப் பற்றி இன்னும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உரிமை வரலாறு தேடுகிறவருக்கு டிரோவில் கிடைக்கும் மிகச் சிறந்த சான்று அதுவே, மிக எளிதில் ஏமாற்றக்கூடிய சான்றும் அதுவே. நியூ சவுத் வேல்ஸில் 1827ஆம் ஆண்டிலேயே, ஆளுநர் டார்லிங் காலத்தில், நாளிதழ் நடத்துகிறவர்கள் தங்கள் பெயர்களை உறுதிமொழியாகப் பதிவு செய்ய வேண்டும் என்று சட்டம் வந்தது. அவதூறு வழக்கு வந்தால் யாரைப் பிடிப்பது என்று அரசுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். ஆகவே அந்த வரியில் இருப்பது பொறுப்பேற்கும் அச்சாளரின், வெளியீட்டாளரின் பெயர். அவரே உரிமையாளராகவும் இருந்தால் நமக்கு அதிர்ஷ்டம்; கெம்ப், ஃபேர்ஃபாக்ஸ் காலத்தில் அப்படி இருந்தது. தாள் பெரிய நிறுவனமாக வளர்ந்த பிறகு நிறுவனத்தின் சார்பில் கையொப்பமிடும் ஊழியர் ஒருவரின் பெயர் அங்கே வரலாம். அப்போது பெயர் மாறுவதைக் கண்டு உரிமை மாறிவிட்டது என்று எழுதினால் பெரும் பிழையாகிவிடும். இந்தியாவில் ஆண்டுதோறும் மார்ச் மாத வாக்கில் நாளிதழ்கள் வெளியிட்டுவந்த படிவம் 4 என்ற அறிவிப்பை நினைத்துப் பாருங்கள். அதில் அச்சிடுபவர், வெளியிடுபவர், ஆசிரியர், உரிமையாளர் என்று தனித்தனிக் கட்டங்கள் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டு சிட்னித் தாளின் அடிவரியில் அந்தப் பிரிவினை கிடையாது.

இந்த அடிவரியைத் தேடுபொறியில் பெயர் கொடுத்துக் கண்டுபிடிக்க முடியுமா என்றால், எப்போதும் முடியாது. டிரோவில் ஒவ்வொரு பக்கமும் செய்தி, விளம்பரம், குடும்ப அறிவிப்பு என்று துண்டுகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு துண்டின் எழுத்தும் கணினியால் படித்தெடுக்கப்பட்டிருக்கிறது. அடிவரி பெரும்பாலும் தனித் துண்டாக நிற்பதில்லை; அதற்கு மேலே இருக்கும் விளம்பரத்தின் வாலாகவோ சந்தை நிலவரத்தின் கடைசி வரியாகவோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. எழுத்தும் பொடி, காகிதத்தின் ஓரம் கிழிந்தும் மங்கியும் இருப்பது அந்த இடத்தில்தான் அதிகம். எனவே கணினி படித்தது பல இடங்களில் பொருளற்ற எழுத்துக் குவியலாக இருக்கும். பெயரைத் தேடிக் கிடைக்கவில்லை என்பதை வைத்து, அந்தப் பெயர் அந்த ஆண்டில் இல்லை என்று எவரும் முடிவு கட்டக் கூடாது. படத்தைப் பெரிதாக்கிக் கண்ணால் படிப்பதே வழி.

கண்ணால் படித்ததைக் கையால் திருத்தவும் டிரோவ் இடம் தருகிறது. இந்தச் சேவையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. இடப்பக்கம் கணினி படித்த வரிகள். வலப்பக்கம் அசல் பக்கத்தின் படம். திருத்தும் பொத்தானை அழுத்தினால் வரிக்கு வரி பெட்டி திறக்கிறது. ஒரு வரியில் சுட்டியை வைத்தால் படத்தில் அதற்குரிய இடம் தெரிகிறது. பொதுமக்கள் இப்படித் திருத்திய வரிகள் பல கோடி. ஓய்வுபெற்றவர்களும் குடும்ப வரலாறு தேடுகிறவர்களும் மாணவர்களும் தமக்கு ஒரு காசும் வராத இந்த வேலையை ஆண்டுக்கணக்காகச் செய்துவருகிறார்கள். நான் திறந்த இதழ்களில் ஒன்றின் அடிவரியை, எனக்கு முன்னால் யாரோ ஒருவர் பொறுமையாகத் திருத்திவைத்திருந்தார். அதற்கடுத்த வாரத்து இதழ் ஒன்றில் அந்த வரி திருத்தப்படாமல் கிடந்தது. அதை நான் திருத்தினேன். இரண்டே நிமிட வேலைதான், ஆனால் அடுத்து இதே கேள்வியோடு வருகிறவருக்கு இனி அது தேடலில் அகப்படும்.

தேதி விஷயத்தில் பழைய நடையே ஒரு பொறி. ஆங்கிலத்தில் அக்காலத்துச் செய்திகளிலும் அறிவிப்புகளிலும் மாதப் பெயரைச் சொல்லாமல், எண்ணுக்குப் பின் இன்ஸ்டன்ட் என்றோ அல்டிமோ என்றோ சுருக்கி எழுதுவார்கள். முன்னது நடப்பு மாதம், நம் பழைய பத்திரங்களில் நாளது மாதம் என்று வருவதற்கு இணை. பின்னது சென்ற மாதம். இதைக் கவனிக்காமல் இதழின் தேதியிலிருந்தே மாதத்தை எடுத்துக்கொண்டால் ஒரு மாதம் பிசகும். ஜனவரி இதழாக இருந்தால் ஓர் ஆண்டே பிசகும். அச்செடுத்த வரலாற்று நூல்களில் காணப்படும் ஓராண்டு வேறுபாடுகள் சிலவற்றுக்கு இந்த ஒரு சொல்லே காரணமாக இருக்கக்கூடும் என்று இப்போது நினைக்கிறேன். அதுபோல, மெல்போர்னில் நடந்ததைச் சிட்னித் தாள் கப்பல் வந்த பிறகு எடுத்துப் போட்டிருக்கும். வெளியான நாளையும் நடந்த நாளையும் வெவ்வேறாகக் குறித்துக்கொண்டால்தான் பின்னால் திண்டாட வேண்டியிருக்காது.

மூன்றாவது விடையான 1853க்கு விளக்கம் விரைவிலேயே கிடைத்தது. அந்த ஆண்டில் கெம்ப் தம் பங்கை விட்டு விலகினார். அதுவரை பாதி உரிமையாளராக இருந்த ஃபேர்ஃபாக்ஸின் குடும்பத்துக்கு முழு உரிமையும் வந்தது. மகன்களும் சேர்ந்து 1856இல் ஜான் ஃபேர்ஃபாக்ஸ் அண்ட் சன்ஸ் என்ற பெயர் நிலைபெற்றது. ஃபேர்ஃபாக்ஸ் குடும்பம் மட்டுமே உரிமையாளராக இருந்த காலம் எப்போது தொடங்கியது என்று கேட்டால் 1853 முற்றிலும் சரியான விடை. ஃபேர்ஃபாக்ஸ் உரிமையாளரானது எப்போது என்று கேட்டால் அது பிழை. கூட்டு வாணிகம் கலைவது, புதிய பங்குதாரர் சேர்வது போன்றவற்றை அந்நாளில் நாளிதழ் விளம்பரப் பத்தியிலும் அரசிதழிலும் அறிவிப்பது வழக்கம். டிரோவில் முடிவுகளைச் செய்தி, விளம்பரம் என்று வகை பிரித்துப் பார்க்கும் வசதி இருக்கிறது. நியூ சவுத் வேல்ஸ் அரசிதழும் 1832 முதல் அங்கேயே கிடைக்கிறது. ஆனாலும் பலர் செய்திகளை மட்டும் தேடிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். உரிமை வரலாறு தேடுகிறவர் விளம்பரத்தையே முதலில் தேட வேண்டும் என்பேன், ஏனென்றால் செய்தி எழுதுகிறவர் தன் முதலாளியைப் பற்றி எழுதத் தயங்குவார், விளம்பரம் கொடுக்கிறவர் சட்டத் தேவைக்காகத் தேதியோடு எழுதியே ஆக வேண்டும்.

தேதிகள் முரண்படுவதற்குப் பதிலாக ஒரு காலப்பகுதியே காணாமற்போகும் சிக்கலும் உண்டு. மெல்போர்னின் தி ஏஜ் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. குக் சகோதரர்கள் முதலான வணிகர்கள் 1854 அக்டோபர் 17இல் அதைத் தொடங்கினார்கள். 1856 ஜூனில் எபனேசர் சைம் 2,000 பவுண்டுக்கு வாங்கினார். சுருக்கமான வரலாறுகள் பல, குக் விற்றார் சைம் வாங்கினார் என்று இரண்டே பெயர்களோடு தாவிவிடுகின்றன. இடையில் முதலாளிகள் விலக, அச்சுக்கோப்பவர்களும் ஊழியர்களும் கூட்டுறவாகச் சேர்ந்து அந்தத் தாளை நடத்திய ஒரு காலம் இருந்தது. தங்க வயல் தொழிலாளர்கள் அரசை எதிர்த்து எழுந்த யுரேகா கிளர்ச்சியின் சூட்டோடு, அவர்களுக்காகப் பேசிக்கொண்டு நடந்த காலம் அது. அந்தக் கூட்டுறவைக் கணக்கில் எடுக்காத பட்டியலில் குக்கின் உரிமை 1856 வரை நீள்கிறது; எடுத்துக்கொண்ட பட்டியலில் அதற்கு முன்பே முடிகிறது. இரண்டையும் பக்கத்தில் வைப்பவருக்கு ஏதோ ஒரு தேதி தவறு என்று தோன்றும். உண்மையில் ஒரு பட்டியலில் ஓர் உரிமையாளர் விடுபட்டிருக்கிறார். ஏஜின் பழைய இதழ்களும் டிரோவில் உள்ளன என்பதால், 1855ஆம் ஆண்டு இதழ்களின் கடைசிப் பத்தியை எவரும் தாமே திறந்து பார்க்கலாம். பெயர் பெற்ற டேவிட் சைம் கதையிலும் இதே நிலைதான். அவர் 1856இன் பிற்பகுதியில் தமையனோடு பங்குதாரராகச் சேர்ந்தார்; 1860இல் எபனேசர் இறந்த பிறகுதான் நிருவாகம் முழுதும் அவர் கைக்கு வந்தது; அப்போதும் எபனேசரின் குடும்பத்துக்கு உரிய பங்கு தொடர்ந்தது. டேவிட் சைமுக்கு எதிரே ஒருவர் 1856 என்றும் இன்னொருவர் 1860 என்றும் எழுதினால் இருவரையும் குறை சொல்ல முடியாது. உரிமையாளர், நிருவாகி என்ற இரண்டு சொற்களை ஒரே கட்டத்தில் திணித்ததுதான் பிழை.

டிரோவின் எல்லை எங்கே என்பதையும் சொல்லியாக வேண்டும். பதிப்புரிமை காரணமாகப் பெரும்பாலான நாளிதழ்கள் 1954ஆம் ஆண்டோடு நின்றுவிடுகின்றன. ஃபேர்ஃபாக்ஸ் நிறுவனம் 1956இல் பங்குச் சந்தைக்கு வந்ததையோ அதன் பிற்காலக் கொந்தளிப்புகளையோ ஹெரால்டின் பக்கங்களிலேயே படிக்க இங்கே வழியில்லை. ஆனால் இதற்கு ஒரு நல்ல விலக்கு இருக்கிறது: 1926 செப்டம்பர் 3இல் தொடங்கிய கான்பெரா டைம்ஸ் நாளிதழ் 1995 வரை கிடைக்கிறது. ஷேக்ஸ்பியர் என்ற குடும்பத்தார் தொடங்கி நடத்திய அந்தத் தாளை 1964இல் ஃபேர்ஃபாக்ஸ் நிறுவனம் வாங்கியது. 1989இல் அது கெரி ஸ்டோக்ஸ் என்ற தொழிலதிபரின் கைக்குப் போனது. இந்த விவரம் ஏன் முக்கியம் என்றால், ஃபேர்ஃபாக்ஸ் குடும்பம் தன் நாளிதழ்களை இழந்த நாட்களில் கான்பெரா டைம்ஸ் அந்தக் குடும்பத்தின் தாள் அன்று. வெளியாள் ஒருவர் எழுதிய சாட்சியமாக அதைப் படிக்கலாம்.

அந்த இழப்பின் தேதியும் முரண்படும் தேதிதான். ஃபேர்ஃபாக்ஸ் குடும்பத்தின் இளைய வாரிசான வார்விக் ஃபேர்ஃபாக்ஸ், பொதுமக்களிடமிருந்த பங்குகளையும் வாங்கி நிறுவனத்தை முழுதாகத் தம் கைக்குக் கொண்டுவரப் போவதாக 1987 ஆகஸ்ட் 31இல் அறிவித்தார். பெரும் கடன் வாங்கி அதைச் செய்தும் முடித்தார். இடையில் அக்டோபரில் உலகப் பங்குச் சந்தைகள் சரிந்தன. 1990 டிசம்பர் 10இல் கடன் கொடுத்தவர்கள் சார்பில் நிறுவனம் பொறுப்பாளர்களின் கைக்குப் போனது. 1991 டிசம்பரில் கனடாவின் பத்திரிகை முதலாளி கான்ராட் பிளாக் முன்னின்ற டுராங் என்ற கூட்டணி அதை வாங்கியது. குடும்பத்தின் கையைவிட்டுத் தாள் போனது 1990இலா 1991இலா என்று கேட்டால், வங்கி ஜப்தி செய்த நாளையும் ஏலத்தில் வேறொருவர் எடுத்த நாளையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்த நமக்கு விடை கடினமில்லை. ஆட்சி போனது 1990. உரிமை போனது 1991. கான்பெரா டைம்ஸின் அந்த ஆண்டுகளின் பக்கங்களை டிரோவில் நாள்வாரியாகப் படிக்கும்போது, இந்த இரண்டுக்கும் இடையிலிருந்த ஓராண்டுக் காலத்தின் பதற்றமும், வாங்க வந்தவர்கள் ஒவ்வொருவராக முன்வந்து பின்வாங்கியதும் தெரிகின்றன. ஒற்றை ஆண்டைத் தேடிப் போனவன் அந்தப் பக்கங்களில் ஒரு மாலை முழுவதும் தங்கிவிட்டேன்.

1995க்குப் பிந்தைய உரிமை மாற்றங்களுக்கு டிரோவின் நாளிதழ்ப் பக்கங்கள் பெரும்பாலும் உதவா. ஃபேர்ஃபாக்ஸ் நிறுவனம் நைன் தொலைக்காட்சி நிறுவனத்தோடு இணைந்ததற்கு நிறுவன அறிவிப்புகளையே நாட வேண்டும். அங்கேயும் ஜூலை 26 என்றும், டிசம்பர் 7 என்றும், டிசம்பர் 10 என்றும் 2018ஆம் ஆண்டுக்குள்ளேயே மூன்று தேதிகள் வருகின்றன. முதலாவது இணைப்பை அறிவித்த நாள். இரண்டாவது அது நடைமுறைக்கு வந்த வெள்ளிக்கிழமை. மூன்றாவது அதற்கடுத்த வேலை நாளான திங்கட்கிழமை. பத்தொன்பதாம் நூற்றாண்டுக்குப் பழகிய கண்ணுக்கு இது எளிய கணக்கு.

மேற்கோள் காட்டும் வசதியைத் தனியாகப் பாராட்ட வேண்டும். ஒவ்வொரு செய்தித் துண்டுக்கும் மாறாத முகவரி ஒன்று உண்டு. அதோடு தாளின் பெயர், தேதி, பக்க எண் ஆகியவை சேர்ந்த மேற்கோள் வரியையும் ஆயத்தமாகத் தருகிறார்கள். விக்கிப்பீடியாவில் அப்படியே இடக்கூடிய வடிவமும் அதில் அடக்கம். நான் படித்த துண்டுகளைத் தேதிவரிசையில் ஒரு பட்டியலாகச் சேமித்து, ஒவ்வொன்றுக்கும் குறிப்பு எழுதி, நண்பருக்கு அனுப்பினேன். நினைவு மலரை வைத்து அவரும் வரைவை வைத்து நானும் வாதாடிக்கொண்டிருந்த நிலை மாறி, இருவரும் ஒரே பக்கத்தைப் பார்த்துப் பேசத் தொடங்கினோம்.

தமிழ் வாசகருக்கு இரண்டு நடைமுறைக் குறிப்புகள். தளம் முழுவதும் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது, பழைய ஆங்கில நடையைப் படிக்கச் சற்றுப் பொறுமை வேண்டும். கைப்பேசியில் ஒரு செய்தியைப் படித்துவிடலாம், ஆனால் கடைசிப் பத்தியின் பொடி எழுத்தைப் பெரிதாக்கி இரண்டு இதழ்களை ஒப்பிடுவதற்குப் பெரிய திரை இல்லாமல் முடியாது.

எங்கள் கட்டுரையில் இப்போது ஒற்றை ஆண்டுக்குப் பதிலாக மூன்று வரிகள் இருக்கின்றன. 1841: கெம்பும் ஃபேர்ஃபாக்ஸும் ஸ்டோக்ஸிடமிருந்து வாங்கினர். 1842 ஆகஸ்ட் 1: அவர்கள் தாளின் பெயரை மாற்றினர். 1853: கெம்ப் விலகினார். நண்பர் தம் நினைவு மலரின் ஓரத்தில், அச்சான 1841க்குப் பக்கத்தில், "வாங்கியது" என்று பென்சிலால் எழுதிவைத்திருக்கிறார்.